பழைய டி.வி., கம்ப்யூட்டர் திரையில் படம் வருவது எப்படி?

சரக்கின் தன்மை தெரியாமல் கொள்முதல் செய்யக் கூடாது என்பது நம் தொழிலின் பாலபாடம். வாங்கும்போது மட்டுமல்ல, கழிக்கும்போதும் அது பொருந்தும். ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம், சுவர்ணபுரி வட்டாரத்திலும், செவ்வாய்ப்பேட்டை லீ பஜார் மொத்தக் கடைகளிலும் பரணையோ குடோன் மூலையையோ பார்த்தால், பின்புறம் புடைத்த கனமான பெட்டி ஒன்று தூசி படிந்து கிடக்கும். அது பழைய பில்லிங் கம்ப்யூட்டரின் மானிட்டராக இருக்கலாம். வீட்டிலிருந்து கடைக்கு வந்த டி.வி.யாக இருக்கலாம்; 2006 செப்டம்பர் 15 முதல் தமிழக அரசு ரேஷன் அட்டைதாரர் குடும்பங்களுக்கு இலவசமாக வழங்கிய 14 அங்குலக் கலர் டி.வி.யாகவும் இருக்கலாம். அந்த ஒரு திட்டத்தில் மட்டும் 2011 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் மாநிலம் முழுவதும் கொடுக்கப்பட்டன.

இந்தப் பெட்டிகளைப் பழைய இரும்புக் கடைக்குப் போடுவதற்கு முன், அதற்குள் என்ன இருக்கிறது, அது எப்படி வேலை செய்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. தெரிந்தால் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது, யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் தானாக விளங்கிவிடும். ஆகவே முதலில் பாடம், பிறகு கணக்கு.

பெட்டியின் உள்ளே

பெட்டியின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருப்பது 'பிக்சர் டியூப்' எனப்படும் கண்ணாடிக் குடுவை. எண்ணெய் ஊற்றும் புனலைப் படுக்க வைத்தது போன்ற வடிவம். அகன்ற வாய்தான் நாம் பார்க்கும் திரை. பின்னால் குறுகிப் போகும் பகுதியை மெக்கானிக்குகள் 'கழுத்து' என்பார்கள். இந்தக் குடுவைக்குள் காற்றே கிடையாது. முழுவதும் உறிஞ்சி எடுக்கப்பட்டு அடைக்கப்பட்டிருக்கும்.

இதன் மூல வடிவத்தை 1897-ஆம் ஆண்டு ஜெர்மானிய விஞ்ஞானி கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் உருவாக்கினார். கம்பியில்லாத் தந்தி ஆராய்ச்சிக்காக 1909-இல் மார்க்கோனியுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவரும் இவரே. அவர் காலத்தில் இது மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைக் கண்ணால் பார்க்கும் ஆராய்ச்சிக் கருவி. டி.வி. ஆனது பிற்பாடுதான்.

டியூப்பின் கழுத்துக்குள் சிறிய ஹீட்டர் ஒன்று உண்டு. ஸ்விட்ச் போட்டவுடன் கழுத்தில் மங்கிய ஆரஞ்சு நிறத்தில் தெரிவது அதுதான். அது சூடேறியதும் அதை ஒட்டிய உலோக முனையிலிருந்து எலக்ட்ரான் என்னும் மிக நுண்ணிய மின்துகள்கள் கிளம்புகின்றன. பழைய செட்டில் ஸ்விட்ச் போட்டுச் சில வினாடி கழித்தே படம் வருவதற்கு இந்தச் சூடேறும் நேரமே காரணம்.

கிளம்பிய எலக்ட்ரான்களைத் திரையை நோக்கி இழுக்க மிக அதிக மின்னழுத்தம் வேண்டும். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். கறுப்பு வெள்ளைப் பெட்டிக்குள் அது 10,000 வோல்ட்டுக்கும் மேல் உயர்த்தப்படுகிறது. கலர் பெட்டியில் 20,000 முதல் 25,000 வோல்ட் வரை போகும். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

திரையின் உட்புறத்தில் ஒரு ரசாயனப் பூச்சு உள்ளது. பெயர் பாஸ்பர். பெயரைக் கேட்டுத் தீப்பெட்டியில் பயன்படும் பாஸ்பரஸ் என்று பலர் நினைக்கிறார்கள். அதுவல்ல. துத்தநாக சல்பைடு போன்ற பொருள்களால் ஆன பூச்சு இது. எலக்ட்ரான் வந்து மோதிய இடத்தில் மட்டும் இது ஒளிரும். அதாவது, எலக்ட்ரான் கற்றை ஒரே இடத்தில் நின்றால் திரையில் தெரிவது ஒரு புள்ளி வெளிச்சம், அவ்வளவே.

ஒரு புள்ளி எப்படிப் படமாகிறது?

சேலத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரிய வைப்பது எளிது. தறியில் நாடா குறுக்கே ஓடி ஊடையைப் போடுகிறது. ஒவ்வொரு இழையாகச் சேர்ந்து சேலையில் ஒரு பூ உருவாகிறது. எந்த ஓர் இழையிலும் பூ முழுதாக இல்லை. இழைகள் அடுக்கப்பட்ட பின்னரே பூ தெரிகிறது. டி.வி. திரையும் இப்படித்தான் நெய்யப்படுகிறது.

டியூப்பின் கழுத்தைச் சுற்றிச் செம்புக் கம்பிச் சுருள் ஒன்று மாட்டப்பட்டிருக்கும். 'யோக் காயில்' என்பார்கள். இதில் மின்சாரம் ஓடும்போது உண்டாகும் காந்த விசை எலக்ட்ரான் கற்றையை வளைக்கிறது. ஒரு ஜோடிச் சுருள் அதைப் பக்கவாட்டில் ஓட்டுகிறது. இன்னொரு ஜோடி மேலிருந்து கீழே மெல்ல இறக்குகிறது. இரண்டும் சேர்ந்து வேலை செய்யும்போது கற்றை திரையில் வரி வரியாகக் கோடு போடுகிறது.

தறிக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. நாடா போகும்போதும் நெய்யும், வரும்போதும் நெய்யும். டி.வி.யின் கற்றை இடமிருந்து வலமாகப் போகும்போது மட்டுமே எழுதுகிறது. முனைக்குப் போனதும் அணைந்து, விருட்டென்று இடப்பக்கம் திரும்பி, அடுத்த வரியைத் தொடங்குகிறது. நாம் கணக்கு நோட்டில் எழுதுவதும் இப்படித்தான்.

இந்தியாவில் பின்பற்றப்பட்ட முறையில் ஒரு முழுப் படத்துக்கு 625 வரிகள். வினாடிக்கு 25 முழுப் படங்கள். பெருக்கிப் பார்த்தால் வினாடிக்கு 15,625 வரிகள். இந்த 625-இல் சில வரிகள், கற்றை கீழிருந்து மேலே திரும்பும் நேரத்தில் கழிந்துவிடும். கண்ணுக்குத் தெரிவன ஏறத்தாழ 575. ஒரு 14 அங்குலத் திரையின் அகலம் சுமார் 28 சென்டிமீட்டர். அதைக் கடக்கும் வேகத்தைக் கணக்கிட்டால் அந்த ஒளிப்புள்ளி வினாடிக்கு 5 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடுகிறது.

ஓடுகிற வழியில் எங்கே வெளிச்சம், எங்கே இருட்டு என்பதை டி.வி. நிலையத்திலிருந்து வரும் அலை தீர்மானிக்கிறது. எலக்ட்ரான்கள் கூடினால் அந்த இடம் வெளுக்கும், குறைந்தால் கறுக்கும் என்பது போல ஏற்றி இறக்கிப் படம் வரையப்படுகிறது. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியபோது மக்கள் பார்த்த கறுப்பு வெள்ளைப் படங்கள் யாவும் இந்த ஒற்றைப் புள்ளியின் ஓட்டமே.

சினிமாவும் டி.வி.யும் ஒன்றல்ல

சினிமாவில் ஃபிலிம் சுருளின் ஒரு முழுப் படமும் ஒரே நேரத்தில் வெண்திரையில் விழுகிறது. நம் ஊர் மாடர்ன் தியேட்டர்ஸ் 1956-இல் தமிழின் முதல் கலர் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தைத் தந்தது. அந்தப் படம் தியேட்டரில் வினாடிக்கு 24 முழுப் படங்களாகத் திரையில் விழுந்தது. அதே படத்தை டி.வி.யில் பார்க்கும்போது எந்தக் கணத்திலும் முழுப் படம் திரையில் இருப்பதில்லை. இருப்பது சற்று முன் எழுதப்பட்ட சில வரிகளின் மங்கும் வெளிச்சமே. முந்தைய வெளிச்சத்தை நம் கண் சிறிது நேரம் பிடித்து வைத்திருப்பதால் எல்லாம் சேர்ந்து படமாகத் தெரிகிறது.

ஆனால் வினாடிக்கு 25 முறை மட்டுமே திரை ஒளிர்ந்தால் கண்ணை உறுத்தும் சிமிட்டல் இருக்கும். அதற்கு ஒரு யுக்தி செய்தார்கள். முதலில் 1, 3, 5 என்று ஒற்றைப்படை வரிகளை மட்டும் எழுதிவிட்டு, மறுபடி மேலே போய் 2, 4, 6 என்று இரட்டைப்படை வரிகளை நிரப்பினார்கள். இதனால் திரை வினாடிக்கு 50 முறை ஒளிர்வது போல் கண்ணுக்குத் தோன்றியது. அனுப்ப வேண்டிய சரக்கோ 25 படங்கள் மட்டுமே. ஒரே லோடை இரண்டு நடையாக அனுப்பி, கடை எப்போதும் நிறைந்திருப்பதாகக் காட்டுவது போன்ற வேலை இது.

கலர் வந்த கதை

இந்தியாவில் கலர் ஒளிபரப்பு 1982-இல் வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 15 சுதந்திர தின விழாவும், நவம்பரில் டெல்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளும் மக்களைக் கலர் பெட்டிகள் பக்கம் இழுத்தன. 1993 ஏப்ரலில் சன் டி.வி. தொடங்கிய பிறகு தமிழ்நாட்டில் டி.வி. விற்பனை எப்படிப் பெருகியது என்பதை அந்நாளில் வியாபாரம் செய்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கலர் டியூப்பில் ஒன்றுக்குப் பதில் மூன்று எலக்ட்ரான் கற்றைகள். திரையின் பூச்சும் ஒரே சீராக இல்லாமல், சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று நிறப் புள்ளிகளாக அல்லது கோடுகளாக இருக்கும். கோலத்துக்குப் புள்ளி வைத்தது போல் இவை வரிசையாக இருக்கின்றன. சிவப்பும் பச்சையும் சேர்ந்து ஒளிர்ந்தால் மஞ்சளாகத் தெரியும். மூன்றும் ஒளிர்ந்தால் வெள்ளை. மூன்றும் அணைந்தால் கறுப்பு. நகைக் கடையில் பயன்படுத்தும் லென்ஸை வெள்ளைத் திரையின் மேல் வைத்துப் பாருங்கள். வெள்ளை மறைந்து மூன்று நிறங்களும் தனித்தனியாகத் தெரியும்.

சிவப்புக்கு உரிய கற்றை சிவப்புப் புள்ளியில் மட்டும் விழ வேண்டுமே? அதற்காகத் திரைக்குப் பின்னால் லட்சக்கணக்கான நுண்துளைகள் கொண்ட மெல்லிய உலோகத் தகடு ஒன்று வைக்கப்பட்டிருக்கும். சல்லடை மாதிரி. மூன்று கற்றைகளும் மூன்று கோணத்தில் வருவதால் ஒவ்வொன்றும் துளை வழியே தனக்குரிய நிறத்தில் மட்டும் போய் விழுகிறது. ஆனால் சேதாரம் அதிகம்: பெரும்பாலான டியூப்புகளில் நூற்றுக்கு எண்பது பங்கு எலக்ட்ரான்கள் சல்லடையிலேயே மோதி வீணாகச் சூடாகும். இருபது பங்கே திரைக்குப் போய்ச் சேரும். கலர் பெட்டிக்கு அதிக வோல்ட் தேவைப்பட்டதற்கு இந்தச் சேதாரமும் ஒரு காரணம்.

டி.வி. அருகில் ஸ்பீக்கர் வைத்தால் ஓர் ஓரத்தில் படம் பச்சையாகவோ ஊதாவாகவோ மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்பீக்கர் காந்தம் கற்றையை இழுப்பதும், சல்லடைத் தகடே காந்தமாகிவிடுவதும்தான் காரணம். ஸ்விட்ச் போட்டவுடன் சில கலர் பெட்டிகளில் 'டொய்ங்' என்று ஒரு சத்தம் வரும். அது தகட்டில் ஏறிய காந்தத்தை நீக்கும் சுருள் வேலை செய்யும் சத்தம். பயப்பட ஒன்றுமில்லை.

பில்லிங் கம்ப்யூட்டரின் திரை

பழைய கம்ப்யூட்டர் மானிட்டரும் இதே பிக்சர் டியூப்தான். ஆனால் இரண்டு மாற்றங்கள் உண்டு. முதலாவது, டி.வி.யைப் பத்தடி தள்ளிப் பார்க்கிறோம். மானிட்டரை ஒன்றரை அடியில் வைத்துச் சின்ன எழுத்துக்களையும் பைசாப் புள்ளியையும் படிக்கிறோம். ஆகவே ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரிக்காமல் எல்லா வரிகளையும் ஒரே நடையில், வினாடிக்கு 60 முதல் 85 முறை வரை எழுதினார்கள். இரண்டாவது, அலை டி.வி. நிலையத்திலிருந்து வராமல் பக்கத்திலுள்ள சி.பி.யு. பெட்டியிலிருந்து வருகிறது.

முதலில் கடைகளுக்கு வந்தவை பச்சை எழுத்து மானிட்டர்கள். ஒரு திரைக்கு 25 வரி, வரிக்கு 80 எழுத்து. அவற்றில் சிலவற்றின் பூச்சு சீக்கிரம் மங்காத வகை. சிமிட்டல் தெரியாது, ஆனால் பட்டியல் மேலே நகரும்போது பழைய எழுத்துக்கள் ஆவி போல வாலாக இழுபடும்.

ஒரே பில்லிங் மெனு ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் அந்த இடத்துப் பூச்சு மட்டும் தேய்ந்துவிடும். மானிட்டரை அணைத்த பிறகும் கடைப் பெயரும் கட்டங்களும் நிழலாகத் தெரியும். இதைத் தவிர்க்கவே ஸ்க்ரீன் சேவர் வந்தது. இன்று பலர் அதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள்.

அடிக்கடி எழும் சில சந்தேகங்கள்

மானிட்டர் உடைந்தால் கணக்கு போய்விடுமா? போகாது. திரையில் எதுவும் சேமிக்கப்படுவதில்லை. கணக்கு இருப்பது சி.பி.யு. பெட்டியிலுள்ள ஹார்ட் டிஸ்க்கில். மானிட்டரைக் கழிக்கும்போது சி.பி.யு.வையும் சேர்த்துக் கழித்துவிடாதீர்கள். ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளையும் பில்களையும் அந்தந்த ஆண்டறிக்கையின் கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும். வேறிடத்தில் நகல் எடுத்து, திறந்து பார்த்துச் சரிபார்த்த பிறகே பழைய டிஸ்க்கைக் கைவிட வேண்டும்.

பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டியை அணைக்கும்போது நடுவில் ஒரு புள்ளி சிறிது நேரம் நின்றது ஏன்? கற்றையை ஓட்டும் சுருள்கள் உடனே நின்றுவிடும். சூடான ஹீட்டரோ உடனே ஆறாது. ஓட்டுபவர் இல்லாத கற்றை நடுவிலேயே விழுந்து மங்கி மறையும்.

திரையில் தூசி இவ்வளவு ஒட்டுவது ஏன்? உயர் மின்னழுத்தத்தால் கண்ணாடியில் மின்னூட்டம் ஏறித் தூசியை இழுக்கிறது. மாவு, மிளகாய்த்தூள் புழங்கும் கடைகளில் இது பெட்டிக்குள்ளும் படியும். மழைக்காலத்தில் ஈரம் சேர்ந்தால் உள்ளே 'சர்' என்று பொறி பறக்கும். இன்னும் ஓடுகிற பழைய பெட்டி இருந்தால், அந்தச் சத்தம் கேட்டவுடன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும்.

ஓட்டிக்கொண்டே இருப்பதில் நஷ்டம் உண்டா? உண்டு. 15 அங்குலப் பழைய மானிட்டர் ஏறத்தாழ 70 வாட் எடுக்கும். இன்றைய எல்.இ.டி. மானிட்டர் 20 வாட் அளவில் முடித்துவிடும். 50 வாட் வித்தியாசம், நாளுக்கு 10 மணி நேரம் என்றால் அரை யூனிட். வருடத்துக்கு 300 நாள் கடை திறந்தால் 150 யூனிட். உங்கள் மின்கட்டண விகிதத்தால் பெருக்கிப் பாருங்கள்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம்

மேலே படித்ததை வைத்து இப்போது மூன்று ஆபத்துகளைக் கவனிப்போம்.

முதலாவது, மின்சாரம். பிக்சர் டியூப் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் தன்மை உடையது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆயிரக்கணக்கான வோல்ட் உள்ளே தங்கியிருக்கக் கூடும். ஆகவே பின் மூடியைக் கழற்றுவது பழகிய மெக்கானிக்கின் வேலை. கடைப் பையன்களிடம் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்துக் கழற்றச் சொல்லக் கூடாது.

இரண்டாவது, வெற்றிடம். டியூப்புக்குள் காற்று இல்லாததால் வெளிக்காற்று எல்லாப் பக்கமும் அழுத்திக்கொண்டிருக்கிறது. சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ. 14 அங்குலத் திரையின் முகத்தில் மட்டும் கிட்டத்தட்ட 600 கிலோ பாரம். அதாவது பன்னிரண்டு 50 கிலோ சர்க்கரை மூட்டைகள். கண்ணாடியைக் கனமாக வார்த்து, முகத்தைச் சுற்றி இரும்புப் பட்டை கட்டியிருப்பது இதைத் தாங்கத்தான். சுத்தியலால் அடித்தால் கண்ணாடி உள்ளே நொறுங்கி, அதே வேகத்தில் சில்லுகள் வெளியே தெறிக்கும்.

மூன்றாவது, ஈயம். வேகமாக வரும் எலக்ட்ரான்கள் மோதும்போது சிறிதளவு எக்ஸ்ரே கதிர் உண்டாகும். அதைத் தடுக்கக் கண்ணாடியிலேயே ஈயம் கலந்தார்கள். கலர் டியூப்பின் புனல் பகுதிக் கண்ணாடியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஈய ஆக்சைடு. டியூப் முழுதாக இருக்கும்வரை அந்த ஈயம் வெளியே வராது. பெட்டியை வைத்திருப்பதால் மட்டும் கெடுதல் இல்லை. உடைத்துப் பொடியாகும்போதுதான் கேடு. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவே அதற்குக் கிடையாது. அரிசியும் பருப்பும் வைத்திருக்கும் நம் குடோனில் அந்தப் பொடிக்கு இடம் கொடுக்கலாமா?

இதில் வியாபாரக் கணக்கு ஒன்றும் உண்டு. முன்பெல்லாம் பழைய டியூப் கண்ணாடியை உருக்கிப் புதிய டியூப் செய்தார்கள். 2010-களில் பெரிய உற்பத்தியாளர்கள் பிக்சர் டியூப் தயாரிப்பைக் கைவிட்ட பிறகு அந்தக் கண்ணாடிக்குச் சந்தை போய்விட்டது. பெட்டியில் இன்று விலை போவது யோக் காயிலின் செம்பும், ஒயரும், சர்க்யூட் போர்டும் மட்டுமே. மீதிக் கண்ணாடி, வாங்குவாரில்லாத சரக்கு. தெருவில் பழைய சாமான் எடுப்பவர் செம்பை உருவிக்கொண்டு, கண்ணாடியை ஏரிக்கரையிலோ ஓடையிலோ கொட்டிவிட்டுப் போவது இதனால்தான். நாம் பெறும் சில நூறு ரூபாய்க்கு விலை கொடுப்பது அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்கள்.

செய்ய வேண்டியவை

1. டியூப் பெட்டிகளை உடைக்காமல் முழுதாக வைத்திருங்கள். முகத்தைக் கீழே கவிழ்த்தோ, ஒன்றன் மேல் ஒன்றாக உயர அடுக்கியோ வைக்க வேண்டாம். உணவுச் சரக்கிலிருந்து தள்ளி வையுங்கள்.

2. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, இவற்றைப் பிரித்து மறுசுழற்சி செய்பவர்கள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். கொடுக்கும் முன் பதிவைக் காட்டச் சொல்லுங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். விவரம் தேவைப்பட்டால் சேலத்திலுள்ள தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் கேட்கலாம்.

3. அந்த விதிகளில் 'மொத்த நுகர்வோர்' என்ற தனிப் பொறுப்பு, ஆண்டில் 1000 மின்னணுச் சாதனங்களாவது பயன்படுத்தும் நிறுவனங்களுக்கே. நம் போன்ற சிறு கடைகள் அதில் வரா. ஆனால் சட்டம் விட்டுவிட்டது என்பதால் நம் பொறுப்பு குறைந்துவிடாது.

4. ஒரு கடைக்கு ஒரு பெட்டி என்றால் எடுத்துப் போக வண்டிச் செலவு கட்டாது. தெருவில் பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து ஒரே நாளில் கொடுத்தால் கட்டும்.

5. தவறி உடைந்துவிட்டால் பிள்ளைகளை அப்புறப்படுத்துங்கள். துடைப்பத்தால் பெருக்க வேண்டாம், பொடி பறக்கும். கையுறையும் முகமூடியும் அணிந்து, சில்லுகளைப் பொறுக்கி, தரையை ஈரத் துணியால் துடைத்து, எல்லாவற்றையும் இரட்டைப் பையில் கட்டித் தனியே வையுங்கள். அருகில் திறந்திருந்த உணவுப் பொருளை விற்க வேண்டாம்.

அளவு குறைந்த படியை வைத்து நாம் யாரும் வியாபாரம் செய்வதில்லை. யாரும் பார்க்காவிட்டாலும் நிறுவை சரியாக இருக்க வேண்டும் என்பது நம் வழக்கம். பழைய பெட்டியைக் கழிப்பதிலும் அதே நேர்மை வேண்டும். இந்த வாரக் கடைசியில் பரணை ஒருமுறை பாருங்கள். எத்தனை பெட்டி இருக்கிறது என்று குறித்து, பக்கத்துக் கடைக்காரரிடமும் கேட்டு வையுங்கள்.